பக்கவாதத்துக்குப் பிறகு நீச்சல்குளத்தில் பயிற்சி: அப்பாவை இறக்கலாமா?

மாடிப்படி (கேள்வி)

வணக்கம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. வயது 64. இடது கை, இடது கால் இரண்டிலும் பாதிப்பு. பேச்சு தெளிவாக இருக்கிறது. கணுக்காலுக்கு ஸ்ப்ளின்ட் (பாதம் தொங்காமல் தாங்கும் பட்டை) போட்டு, நாலுகால் குச்சியை ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். இடது கை தோளிலிருந்து தொங்கும், விரல்கள் மடங்கியே இருக்கும். ஆரம்பத்தில் பிசியோதெரபி ஒழுங்காக நடந்தது. பிறகு, "இனி வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள்" என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாள் இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

குளியலறை வாசலில் ஒருமுறை விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து வெளியே நடக்க வரமாட்டேன் என்கிறார். கட்டில், நாற்காலி, டிவி, திரும்பக் கட்டில். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. உறவினர் ஒருவர், "தண்ணீரில் இறக்கி நடக்க வையுங்கள், நல்லது" என்றார். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், அதில் பீட்டா பிளாக்கரும் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) உண்டு.

இது உண்மையிலேயே பலன் தருமா, இல்லை ஆசுவாசத்துக்குச் செய்வதா? பொதுக் குளத்தில் இறக்கலாமா? இதைச் செய்தவர்கள் சொல்லுங்கள்.

ஒற்றைக்கை

தம்பி (தங்கையாக இருந்தால் மன்னிக்கவும்), தாராளமாக இறக்குங்கள். ஆனால் தனியாக அல்ல, அவசரமாகவும் அல்ல.

எனக்கும் பக்கவாதம் வந்தது, பாதிப்பு வலது பக்கம். நீச்சல் அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. நெஞ்சளவு தண்ணீரில் நின்று பயிற்சி செய்வதற்கும் நீந்துவதற்கும் சம்பந்தமே இல்லை.

தரையில் கால் இடறினால் என்ன ஏது என்று தெரிவதற்குள் கீழே கிடப்போம். தண்ணீரில் விழுவதற்கே நேரம் எடுக்கும். சாய ஆரம்பித்ததும் "ஓ, சாய்கிறேன்" என்று புரிந்து, காலை மாற்றி வைத்து நிமிர்ந்துகொள்ள அவகாசம் இருக்கிறது. ஸ்ட்ரோக் வந்த பிறகு அந்த அவகாசம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. வீட்டில் பக்கவாட்டில் ஓர் அடி வைக்கச் சொன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். குளத்தில் பக்கவாட்டில் நடந்தேன், பின்பக்கமாக நடந்தேன், ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். பாதியில் சரிந்தேன், மூக்கில் தண்ணீர் ஏறியது, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. மல்லாந்து மிதக்க விட்டால் நம் உடம்பு நேராக மிதக்காது. பாதிக்கப்பட்ட பக்கமாக உருளும். முகம் தண்ணீருக்குள் போகும்போது நல்ல கை எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அலையும். அதனால் எழுந்து நிற்கக் கற்றுக்கொள்ளாமல் மிதக்கவே கூடாது. தலையை முன்னால் கொண்டுவர வேண்டும், முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்க வேண்டும், கையை முன்னால் நீட்ட வேண்டும். மூன்றும் சேர்ந்தால் உடம்பு தானாக நிமிர்ந்து பாதம் தரையைத் தொடும். ஆள் பிடித்திருக்கும்போதே இதைப் பழகிக்கொள்ளட்டும்.

தரைவாசி

எல்லோரும் தலையாட்டுவதற்கு முன்னால் நான் கொஞ்சம் முட்டுக்கட்டை போடுகிறேன். அம்மாவைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில்.

நடக்க வேண்டியது தரையில். மூளை எதைப் பழகுகிறதோ அதில்தான் தேறும். எழுந்து நிற்பதைப் பழகினால் எழுந்து நிற்க வரும், படி ஏறினால் படி ஏற வரும். பாரமே இல்லாத இடத்தில் நடந்து பழகி, பாரம் உள்ள இடத்துக்கு எதைக் கொண்டுவரப் போகிறார்?

ஆதாரமும் அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. 2011-இல் காக்ரேன் திறனாய்வு (நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டி எடைபோடும் ஆய்வு) இதை ஆராய்ந்தது. தேறியவை நான்கே சோதனைகள், எல்லாவற்றிலும் சேர்த்து 94 பேர். அன்றாட வேலைகளில் முன்னேற்றம் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல இது போதாது என்றுதான் முடித்தார்கள்.

அப்புறம் நேரக் கணக்கு. வண்டியில் ஏற்றி, இறக்கி, உடை மாற்றி, இறங்கி, ஏறி, துவட்டி, மறுபடி உடை மாற்றி வீடு வருவதற்குள் அரை நாள் போய்விடும். தண்ணீரில் இருந்தது என்னவோ முக்கால் மணி நேரம்தான். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சோர்வு எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெம்பை வீட்டு வாசலிலேயே செலவழித்தால் என்ன?

குளத்துபிசியோ

நான் பிசியோதெரபிஸ்ட். நரம்பியல் நோயாளிகளோடு தரையிலும் தண்ணீரிலும் வேலை செய்கிறேன். தரைவாசி சார் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியோடு சண்டை போடத்தான் வந்தேன்.

முதலில் தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இடுப்பளவு நின்றால் காலில் இறங்கும் எடை ஏறத்தாழ பாதி. நெஞ்சளவு என்றால் சுமார் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவு என்றால் பத்தில் ஒன்றுக்குப் பக்கம். ஆக, ஆழத்தை மாற்றுவதன் மூலம் பாரத்தை நாம் தீர்மானிக்கிறோம். பாரமே இல்லை என்று சார் எழுதியது கழுத்தளவுக்குப் பொருந்தும். நான் யாரையும் அங்கே நிறுத்தி நடக்க வைப்பதில்லை. அங்கே கால் தரையில் ஒட்டாது, உடம்பு தத்தளிக்கும், பிடிமானம் போய்விடும். நெஞ்சளவில் தொடங்கி, தேறத் தேற இடுப்பளவுக்குக் கொண்டுவருவேன். தரையை நோக்கி ஒவ்வொரு படியாக வருவதுதான் இது.

அடுத்தது எதிர்ப்பு. தண்ணீரில் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மெதுவாக அசைத்தால் மெல்லிய எதிர்ப்பு, வேகமாக அசைத்தால் கடுமையான எதிர்ப்பு. நோயாளி நிறுத்தினால் எதிர்ப்பும் அதோடு நின்றுவிடும். எடைத்தட்டு மாட்டிய இயந்திரத்தில் இது கிடைக்காது. பலவீனமான காலுக்கு இதைவிடத் தோதான சுமை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் நான் பெரிதாக நினைப்பது மூச்சையும் இதயத்தையும்தான். மாடிப்படி எழுதியதில் "நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது" என்பதை யாரும் கவனிக்கவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் பலர் தேங்கிப்போவது கால் வராததால் மட்டும் அல்ல, உடல் தெம்பு மொத்தமாக வடிந்துவிடுவதாலும்தான். குச்சி ஊன்றி மெதுவாக நடப்பவரைத் தரையில் மூச்சு வாங்கும் அளவுக்கு வேலை செய்ய வைப்பது கஷ்டம், அதற்குள் விழுந்துவிடுவார். தண்ணீரில் அதைச் செய்ய முடிகிறது. கனடாவில் 2004-இல் ஒரு சோதனை வெளியானது. ஸ்ட்ரோக் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன 12 பேர். ஒரு குழு நெஞ்சளவு தண்ணீரில் வாரம் மூன்று முறை, ஒரு மணி நேரம், எட்டு வாரம். இன்னொரு குழு அதே காலம் கைப் பயிற்சி. தண்ணீர்க் குழுவுக்கு உச்ச ஆக்சிஜன் பயன்பாடு, அதாவது முழு உழைப்பில் உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜன், 22 சதவீதம் கூடியது. தரையில் நடை வேகமும் பாதிக்கப்பட்ட காலின் பலமும் கூடின. அது நடந்தது மருத்துவமனையில் அல்ல, பொது சமூக மையத்துக் குளத்தில்.

12 பேர் என்பது கைப்பிடி அளவு என்று சார் சொல்வார். ஒத்துக்கொள்கிறேன். பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவைதான், ஆனால் சமநிலையிலும் நடையிலும் நல்ல பக்கமாகத்தான் சாய்கின்றன. அதனால் "தண்ணீர் தரையைவிட மேல்" என்று நான் சொல்லமாட்டேன். தரையில் எதுவுமே செய்ய மறுத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தண்ணீர் ஒரு வாசல். இந்த அப்பா அப்படிப்பட்டவர்தான்.

தரைவாசி

12 பேர் என்பது கைப்பிடி அளவு.

குளத்துபிசியோ

எதிர்பார்த்தேன் சார் :)

மாடிப்படி

எல்லோருக்கும் நன்றி. தம்பிதான், சரியாகத்தான் சொன்னீர்கள் அண்ணா.

பிசியோ மேடம் (சாரா?), சில விவரங்கள். ஸ்ட்ரோக் வந்த முதல் வாரத்தில் அப்பாவுக்கு ஒருமுறை வலிப்பு வந்தது, பிறகு வரவில்லை. சர்க்கரை கொஞ்சம் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இடது காலில் தொடு உணர்வு குறைவு. எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது சாதாரண நீச்சல்குளம்தான், சூடாக்கிய சிகிச்சைக் குளம் இல்லை. இது போதுமா?

குளத்துபிசியோ

மேடம்தான்.

வலிப்பு பற்றி முதலில் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். அடிக்கடி வரும், கட்டுப்படாத வலிப்பு என்றால் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஆரம்பத்தில் ஒருமுறை வந்து நின்றது என்றால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். அனுமதித்தாலும் கை எட்டும் தூரத்தில் ஒருவர் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். கரையில் நின்று பார்ப்பது கணக்கில் வராது. குளத்துக் காவலரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆறாத புண், காய்ச்சல், தொற்று, கட்டுப்படாத பிரஷர், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காலின் ரத்தக்குழாயில் புதிதாக ரத்த உறைவு, மலம் அடக்க முடியாமை, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இறங்கக் கூடாது. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் தண்ணீர் வாய்க்குள் போவதைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் அப்படித்தான். கழுத்துவரை தண்ணீரில் நின்றால் காலிலும் வயிற்றிலும் இருக்கும் ரத்தம் மேலே தள்ளப்பட்டு, சுமார் 700 மில்லி வரை நெஞ்சுக்குள் கூடுதலாகச் சேரும். நல்ல இதயம் அதைச் சமாளித்துவிடும், தளர்ந்த இதயம் திணறும்.

வெப்பநிலை. சிகிச்சைக் குளங்கள் 33 முதல் 35 டிகிரி வரை இருக்கும். பொதுக் குளங்கள் 27, 28 அருகில். தசை இறுக்கம் உள்ளவருக்குக் குளிர்ந்த தண்ணீர் பகை. கை இன்னும் சுருண்டுகொள்ளும், கால் விறைக்கும். தண்ணீர் நம் உடம்புச் சூட்டைக் காற்றைவிட மிக வேகமாக உறிஞ்சிவிடும். 28 டிகிரியில் நின்று நிதானமாகக் கை கால் நீட்டும் பயிற்சி செய்ய முடியாது. ஆனால் தொடர்ந்து நடந்துகொண்டே இருந்தால் தாங்கும். மாறாக, 34 டிகிரியில் வேகமாக உழைத்தால் உடம்பு கொதித்துச் சோர்ந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு முதல் தேவை மூச்சு, நடை என்பதால் சாதாரணக் குளம் வைத்துத் தொடங்கலாம். உதடு, விரல் நிறம் மாறுகிறதா, இடது கை வழக்கத்தைவிட இறுகுகிறதா என்று பாருங்கள். இறுகினால் அன்றைக்கு அவ்வளவுதான், வெளியே வந்துவிடுங்கள்.

பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு நாடித்துடிப்பை வைத்து உழைப்பை அளக்க முடியாது, மாத்திரை அதை அடக்கி வைத்திருக்கும். தண்ணீரில் நின்றாலும் துடிப்பு குறைவாகவே காட்டும். கைக்கடிகாரத்தில் வரும் எண்ணை நம்பாதீர்கள். அவரையே கேளுங்கள். நாங்கள் போர்க் அளவுகோல் என்று, உழைப்பு எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்பதற்கு 6 முதல் 20 வரை எண் சொல்ல வைப்போம். 11 முதல் 13 வரை சொன்னால் சரி. எண் பிடிக்காவிட்டால் பேச்சுக் கொடுங்கள். பதில் சொல்ல முடியவேண்டும், ஆனால் நீளமாகக் கதை சொல்ல மூச்சு இடம் தரக்கூடாது.

சர்க்கரைக்காரர் என்பதால் வெறும் வயிற்றில் வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் வேண்டாம்.

ஈரத்துண்டு

எல்லோரும் தண்ணீருக்குள் நடப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் கணவரோடு குளத்துக்குப் போய்வரும் எனக்குத் தெரிந்தவரை ஆபத்து தண்ணீரில் இல்லை, கரையில்தான். அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடை மாற்றும் அறையிலிருந்து குளத்து விளிம்புவரை உள்ள தூரம்தான் மோசமானது. ஸ்ப்ளின்டைக் கழற்றியாயிற்று, ஷூ இல்லை, தரை ஈரம். பாதம் தொங்கி நுனி விரல் தரையில் இழுபடும். குச்சியின் அடியில் இருக்கும் ரப்பர் ஈர ஓட்டில் வழுக்கும், அதுவும் தேய்ந்த ரப்பர் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் அந்தத் தூரத்தை நடக்க வைக்காதீர்கள். சக்கரம் வைத்த குளியல் நாற்காலி பல குளங்களில் இருக்கும், கேளுங்கள். இல்லாவிட்டால் ஸ்ப்ளின்டும் ஷூவுமாக விளிம்புவரை நடந்து, அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கழற்றட்டும். நாற்காலி படிக்கட்டுக்கு மிக அருகில் இருக்க வேண்டும்.

காலுக்குத் தண்ணீரில் போடும் ரப்பர் காலணி கட்டாயம். தொடு உணர்வு இல்லாத பாதம் குளத்து அடித்தளத்தில் தேய்ந்து தோல் உரிந்தாலும் அவருக்குத் தெரியாது. சர்க்கரையும் இருக்கிறது என்கிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள், விரல் இடுக்கெல்லாம் துடையுங்கள். ஈரக் காலில் ஸ்ப்ளின்டை மாட்டினால் புண் வரும்.

இப்போது படிக்கட்டு. செங்குத்தான ஏணி உதவாது, ஒரு கையால் ஏற முடியாது. சாய்தளம் இருந்தால் அதிர்ஷ்டம். படிக்கட்டு என்றால் கைப்பிடி எந்தப் பக்கம் என்று முதலிலேயே போய்ப் பாருங்கள். உங்கள் அப்பாவுக்கு நல்ல கை வலது. கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது, இறங்கும்போது அது வலப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்குவது சுகமாக நடக்கும். திரும்பி ஏறும்போது? அதே கைப்பிடி இப்போது இடப்பக்கம். வராத கை இருக்கும் பக்கம்! எங்களுக்கு இது தண்ணீருக்குள் நிற்கும்போதுதான் உறைத்தது. அப்போது அங்கிருந்த பயிற்சியாளர் காட்டித் தந்த வழி: திரும்பவே வேண்டாம், குளத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஏறுவது. வலது கை அதே கைப்பிடியில், முதலில் நல்ல கால் பின்னால் மேல் படிக்கு, பிறகு மற்றக் கால். நீங்கள் அவருக்கு எதிரே, ஒரு படி கீழே நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம். இறங்கும்போது மட்டும் வராத கால் முதலில்.

கடைசி இரண்டு படியில் கவனம். தண்ணீர் தாங்கிய எடையெல்லாம் அங்கேதான் திரும்ப ஏறும். தண்ணீரில் சிறுபிள்ளை மாதிரி நடந்தவர் அங்கே வந்ததும் கால் மடங்கி நிற்பார்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். தொங்கும் தோள்மூட்டு ஏற்கெனவே விலகியிருக்கும், இழுத்தால் பல மாதத்துக்கு வலிக்கும். இடுப்பில் ஒரு அகலமான பட்டை கட்டிவிடுங்கள், அதைப் பிடியுங்கள்.

உடை: மாட்டும்போது வராத கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். ஈரத்துணி ஒட்டிக்கொண்டு வராது, முன்பக்கம் ஜிப் வைத்த சட்டை புண்ணியம். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் சூட்டை நல்ல கையால் பார்க்கச் சொல்லுங்கள். உணர்வில்லாத பக்கத்தில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

இன்னொன்று, இறங்கும் முன் கழிப்பறைக்குப் போய்வரட்டும். தண்ணீரில் நின்றால் சிறுநீர் முட்டிக்கொண்டு வரும்.

மாடிப்படி

அக்கா, இதை அப்படியே பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்கிறேன். அந்தப் பழைய தாள் மாதிரி தொலைக்கமாட்டேன்.

குளத்துபிசியோ

ஈரத்துண்டு எழுதியதற்கு மேல் நான் இரண்டே விஷயம் சேர்க்கிறேன். சிறுநீர் முட்டுவதும் நெஞ்சில் ரத்தம் சேர்வதும் ஒரே காரணத்தால்தான். உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு சிறுநீரகம் வெளியேற்றப் பார்க்கிறது. அதனால் பயிற்சிக்குப் பிறகு குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். வெளியே வந்ததும் தண்ணீரின் அழுத்தம் சட்டென்று நீங்கி ரத்தம் காலுக்கு இறங்கும், பிரஷர் சரியும். மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலைசுற்றல் வரும் நேரம் அதுதான். மேல்படியில் கொஞ்ச நேரம் உட்கார வைத்த பிறகு எழுப்புங்கள்.

சைகைமொழி

என் அக்காவுக்குப் பேச்சு வராது, புரிந்துகொள்வாள். மூடிய குளங்களில் எதிரொலி பயங்கரம். பேச்சு நன்றாக வருபவர்களுக்கே காதில் விழாது, அவளுக்கு அறவே புரியாது. நாங்கள் இறங்கும் முன்பே சைகை முடிவு செய்துகொண்டோம். தலையில் கை வைத்தால் நிறுத்து, கட்டைவிரல் காட்டினால் தொடரலாம். பயிற்சி தருபவரும் வாயால் சொல்லாமல் செய்து காட்ட வேண்டும், அதுவும் கரையில் நின்று. தண்ணீருக்குள் அவர் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஒளி வளைந்து எல்லாம் கோணலாகத் தெரியும்.

மாடிப்படி, உங்கள் அப்பா இடப்பக்கத்தைக் கவனிப்பாரா? சாப்பாட்டுத் தட்டில் இடது பாதியை விட்டுவிடுவது, கதவில் இடது தோள் இடிப்பது மாதிரி ஏதாவது?

மாடிப்படி

ஆமாம், தோள் அடிக்கடி இடிக்கும். கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சைகைமொழி

மருத்துவரிடம் சொல்லுங்கள், அது ஸ்ட்ரோக்கின் பாதிப்பாகவே இருக்கலாம். குளத்தில் நீங்கள் அவருடைய இடப்பக்கம் நில்லுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது நீந்தி வந்தால் அவருக்குத் தெரியாது.

தரைவாசி

சரி, கரை விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. தண்ணீரில் கிடைத்ததைத் தரைக்கு எப்படிக் கொண்டுவருவது? குளத்தில் நன்றாக நடப்பவர் வீட்டில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கும் நல்லதுதான், ஆனால் சிகிச்சை என்று சொல்லாதீர்கள்.

குளத்துபிசியோ

நியாயமான கேள்வி. மிதவையைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் சும்மா ஊறிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து எனக்கும் எரிச்சல் வரும்.

நான் செய்வது இப்படி. முதல் சில நாள் தண்ணீருக்குப் பழகுவது மட்டும்: நின்று மூச்சை தண்ணீருக்குள் ஊதுவது, கையைப் பிடித்து நடப்பது, சாய்ந்து நிமிர்வது. லண்டனில் ஹாலிவிக் பள்ளியில் 1949 வாக்கில் ஜேம்ஸ் மெக்மில்லன் என்ற பொறியாளர் மாற்றுத்திறனாளிச் சிறுமிகளுக்குத் தண்ணீர் பழக்கினார். ஹாலிவிக் முறை என்று இன்றும் பயன்படுத்துகிறோம். உடம்பு உருளுவதைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொடுப்பதுதான் அதன் மையம், மிதவைகளையும் அது ஒதுக்கிவிடும். ஒற்றைக்கை அண்ணன் சொன்ன நிமிரும் வித்தையும் அந்த முறையில் உண்டு.

அப்புறம் நடை. முன்னால், பக்கவாட்டில், பின்னால். நடுவில் "நில்" என்று சொல்லி நிறுத்துவேன். அவர் நின்றுவிடுவார், ஆனால் அவரோடு சேர்ந்து வந்த தண்ணீர் நிற்காது, முதுகில் வந்து தள்ளும். அப்போது விழாமல் நிற்பதுதான் சமநிலைப் பயிற்சி. அவருக்குப் பக்கத்தில் தண்ணீரைக் கலக்கிவிட்டு நிற்கச் சொல்வேன், அதுவும் அப்படித்தான். எனக்குப் பின்னால் ஒட்டி நடந்தால் என் உடம்பு தண்ணீரை விலக்குவதால் சுலபம், எனக்கு முன்னால் நடந்தால் கஷ்டம். ஒரு உபகரணமும் வேண்டாம்.

தண்ணீருக்குள் இருக்கும் படியில் உட்கார்ந்து எழுவது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. கீழ்ப்படியில் உட்கார்ந்தால் தண்ணீர் தூக்கிவிடும். அடுத்த வாரம் ஒரு படி மேலே உட்கார வைப்பேன், எடை கூடும். அதற்கும் மேல்படி, இன்னும் கூடும். கடைசியில் உட்கார்வது குளத்து விளிம்பில் போட்ட நாற்காலி. தரைவாசி சார் கேட்ட பாலம் அதுதான். தண்ணீரில் எதைச் செய்தாரோ அதையே அன்றைக்கே, உடம்பு இன்னும் தளர்வாக இருக்கும்போது, தரையில் ஒருசில தடவை செய்ய வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் இறுக்கம் குறைவது தற்காலிகம்தான், அதை வீணாக்கக் கூடாது. குளத்துக்குப் போகாத நாட்களில் வீட்டில் நாற்காலியிலிருந்து எழுவதும் வாசலுக்கு நடப்பதும் நடக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சார் சொல்வதுபோல் பொழுதுபோக்குதான்.

தரைவாசி

இப்படிச் சொல்லியிருந்தால் முதலிலேயே ஒத்துக்கொண்டிருப்பேன். ஆதாரம் போதாது என்பதில் மாற்றமில்லை.

ஒற்றைக்கை

மேடம், மிதவை வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். எனக்குக் கையில் ஒரு சிறிய மிதவை கட்டிய பிறகுதான் அது மேலே வந்து என் கண்ணில் பட்டது. அதுவரை எங்கே கிடக்கிறது என்றே தெரியாது.

குளத்துபிசியோ

கண்ணில் படுவது நல்லதுதான் அண்ணா. ஆனால் தோள்மூட்டு விலகியவருக்கு மிதவை கையைத் தோளுக்கு மேலே தூக்கிவிட்டால் மூட்டில் இடுக்கி வலி வரும். தோள் மட்டத்துக்குக் கீழே, தண்ணீருக்குள்ளேயே கை இருக்கும்படி பார்த்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மாடிப்படியின் அப்பாவுக்குத் தொடக்கத்தில் வேண்டாம். கழுத்தில் மாட்டும் காற்று வளையத்தையும் வாங்கிவிடாதீர்கள்.

மாடிப்படி

அப்டேட். நரம்பியல் மருத்துவர் சரி என்றார், தண்ணீருக்குள் துணைக்கு ஆள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தோள் இடிப்பதைச் சொன்னதும் ஒரு தாளில் கோடுகளைக் கொடுத்து ஒவ்வொன்றையும் நடுவில் பேனாவால் குறுக்கே வெட்டிக் குறிக்கச் சொன்னார். அப்பா இடது ஓரத்துக் கோடுகளைத் தொடவே இல்லை. சைகைமொழிக்கு நன்றி.

குளத்தைப் போய்ப் பார்த்தேன். படிக்கட்டு அகலம், கைப்பிடி ஒரே பக்கம். இறங்கும்போது இடது! அதாவது அப்பாவுக்குத் தலைகீழ். ஆழம் நெஞ்சளவில் ஆரம்பித்துச் சரிந்து போகிறது. கூட்டம் குறைவான நேரம் மதியம் என்றார்கள். கூடவே இறங்க ஒரு பிசியோவும் கிடைத்திருக்கிறார். அப்பாவிடம் "நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறோம்" என்றேன், "இந்த வயதிலா" என்று சிரித்தார். மறுக்கவில்லை.

கைப்பிடி இடப்பக்கம் இருந்தால் என்ன செய்வது அக்கா?

ஈரத்துண்டு

அப்படியென்றால் பின்பக்கமாக இறங்கி, முன்பக்கமாக ஏறட்டும். குளத்துக்கு முதுகு காட்டி நின்றால் கைப்பிடி வலது கைக்கு வந்துவிடும். பிசியோ அவருக்கு முன்பே இறங்கி, கீழ்ப்படியில் நின்று இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ளட்டும். பின்பக்கமாக வைக்கும் முதல் அடி வராத கால், அது படியில் முழுதாகப் பதிந்துவிட்டதா என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவரால் பார்க்க முடியாது. முதலில் வீட்டில் ஒரு படியில் ஸ்ப்ளின்டோடு ஒத்திகை பாருங்கள். உண்மையைச் சொன்னால் இது உங்களுக்குச் சாதகம்தான், களைத்துப்போய் வெளியே வரும்போது முன்னால் பார்த்து ஏறலாம்.

ஒற்றைக்கை

முதல் நாள் கால் மணி நேரம் போதும் தம்பி. அவர் "இன்னும் கொஞ்ச நேரம்" என்பார், நானும் கேட்டேன். விடாதீர்கள். அந்தப் படிக்கட்டில் ஏறத் தெம்பு மிச்சம் இருக்கணும்.